நாலு பேர் கைகோத்து நின்றால் போதுமா? பல்லின ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஜூன் விடுமுறை முடிந்ததும் வகுப்பு வாசலில் அதே சந்தேகங்கள் வரிசைகட்டி வந்துவிடும். ஜூலையில் இன நல்லிணக்க நாள். பள்ளியில் படம் கேட்டிருப்பார்கள், கூடவே எங்காவது ஒரு போட்டி இருக்கும். பெற்றோர் கேட்டது, உயர்நிலை மாணவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது, பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போய்விட்ட பழைய பிள்ளைகள் கேட்டது எல்லாவற்றையும் அவரவர் சொன்ன மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

1. பல்லினம்னா சீனர், மலாய், இந்தியர், யூரேசியர்னு நாலு பிள்ளைங்க கைகோத்து நிக்கிற படம்தானே?

எல்லாரும் வரைவது அதைத்தான். ஒரு சியோங்சாம், ஒரு பாஜு குரோங், ஒரு பாவாடை சட்டை, நாலாவது ஆளுக்கு என்ன போடுவது என்று தெரியாமல் ஒரு கவுன். பின்னால் மெர்லயன், அதாவது சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட சிங்கப்பூர்ச் சின்னம். தொடக்கநிலை 2 பிள்ளை வரைந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அந்த வயதில் எட்டுக் கைகளைச் சரியாகக் கோத்துவிடுவதே பெரிய வேலை.

அந்தப் படத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1964 ஜூலை 21 அன்று இங்கே இனக் கலவரம் வெடித்தது. அதை மறக்கக் கூடாது என்று 1997 முதல் பள்ளிகளில் அந்தத் தேதியை இன நல்லிணக்க நாளாக வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பிள்ளைகள் பாரம்பரிய உடையில் வருவார்கள். கண்ணில் பட்டதை வரைகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் மற்ற நாளெல்லாம் அதே பிள்ளைகள் ஒரே சீருடையில்தானே இருக்கிறார்கள்? அந்தப் படத்திலிருந்து உடையை எடுத்துவிட்டுப் பாருங்கள். நாலு பேருக்கும் ஒரே முகம், ஒரே சிரிப்பு. பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், பழகின மாதிரி தெரியவில்லை. என் குறை அதுதான்.

2. அப்போ என்னதான் வரையுறது டீச்சர்? என் மகளுக்கு ஒண்ணும் தோணலையாம்.

உணவங்காடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மீ கோரெங் வாங்கி எதிரில் வையுங்கள். மீ சீனர்களுடையது, பெயர் மலாய், வறுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம். நாலு உடையில் சொல்ல முடியாதது ஒரு தட்டில் கிடக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திருப்பி வைக்கும் அடுக்கைப் பாருங்கள். ஹலால் தட்டுக்கு ஓர் இடம், மற்றதற்கு வேறோர் இடம். ஒன்றாகச் சாப்பிடுகிறோம், தனித்தனியாகக் கழுவுகிறோம். உயர்நிலை 1 மாணவி ஒருத்தி அந்த அடுக்கை மட்டும் வரைந்து வந்தாள். எண்ணெய் படிந்த தட்டுகள், நடுவில் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் தயங்கும் ஒரு கை. இத்தனை வருடத்தில் எனக்குப் பிடித்த படங்களில் அது ஒன்று.

வாட்டர்லூ ஸ்திரீட்டும் நல்ல இடம். குவான் இம் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. குவான் இம்மைக் கும்பிட்டுவிட்டு வரும் சீனப் பாட்டிகள் கிருஷ்ணன் வாசலிலும் நின்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வீட்டைவிட்டு நகர முடியவில்லையா, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் போதும். இந்த வாரம் மலாய்க் கல்யாணம், அடுத்த வாரம் அதே தூண்களுக்கு நடுவே சீனர் வீட்டுத் துக்கம். ஒரே இடத்தை இரண்டு தரம் வரைந்து பக்கத்தில் வைத்தாலே படம் பேசும்.

ஒன்று மட்டும்: போனில் படம் பிடித்து வந்து வரைய வேண்டாம். உட்கார்ந்து, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று கோட்டோவியம் போடச் சொல்லுங்கள். யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் யாருக்கு நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள் என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

3. நமக்கு முன்னாடி யாராவது இதை வரைஞ்சிருக்காங்களா? எங்கே போய்ப் பார்க்கலாம்?

முதலில் உங்கள் பர்ஸில் பாருங்கள். ஐம்பது வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு ஓவியங்கள் இருக்கின்றன. ஒன்று, சியோங் சூ பியெங் வரைந்த கருவாடு காயவைக்கும் பெண்கள். இன்னொன்று, சென் வென் சி வரைந்த குரங்குகள். அதோடு நாலு வாத்தியங்கள்: கொம்பாங், பிப்பா, வீணை, வயலின். வருடக்கணக்காக அந்த நோட்டை மாற்றிக்கொண்டிருந்தும் வீணையைக் கவனிக்காத தமிழர்கள் நிறைய பேர். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அப்புறம் தேசியக் கலைக்கூடத்துக்குப் போங்கள். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது நுழைவு இலவசம். அங்கே சுவா மியா டீ 1959இல் வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’ இருக்கிறது. அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற வருடம் அது. இளைஞர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மலாய் படிக்கிறார்கள், மலாய் ஆசிரியர் நிற்கிறார். கரும்பலகையில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்? யாரும் கைகோத்து நிற்கவில்லை. இன்னொருத்தர் மொழியைத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்கிறார்கள். முதல் கேள்விக்கு நான் சொன்ன குறைக்கு இந்தப் படம்தான் பதில்.

4. ‘நன்யாங் பாணி’ன்னு சொல்றாங்களே, அது என்ன?

நன்யாங் என்றால் சீன மொழியில் தென்கடல். அவர்கள் கண்ணில் நாம் இருக்கும் வட்டாரம். 1938இல் லிம் ஹக் தாய் இங்கே நன்யாங் நுண்கலைக் கழகத்தைத் தொடங்கினார். சீன மைத் தூரிகையும் பாரிஸிலிருந்து வந்த எண்ணெய் வண்ணமும் தெரிந்த ஓவியர்கள், இந்த ஊர் வெயிலையும் கம்பம் எனும் கிராமத்தையும் மீன்காரர்களையும் எப்படி வரைவது என்று தேடியபோது உருவானது அந்தப் பாணி. 1952இல் லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் சி, சியோங் சூ பியெங் ஆகிய நாலு பேரும் பாலித் தீவுக்குப் போய் வரைந்தார்கள். லியூ காங் படங்களில் உருவங்களைச் சுற்றி ஓடும் வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். பாத்திக் துணியில் மெழுகு விட்டுப்போகும் தடம் அது.

5. அந்த நாலு பேரும் சீனர்கள். போய் வரைஞ்சது பாலிப் பொண்ணுங்களை. இதுல என்ன பல்லினம் இருக்கு?

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி கேட்டது. நியாயமான கேள்வி. அந்தப் படங்களில் பாலிப் பெண்கள் அழகாக இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குப் பெயர் இல்லை. பார்க்கிறவர் ஒரு பக்கம், பார்க்கப்படுகிறவர் இன்னொரு பக்கம். இந்த விமர்சனத்தைக் கலை வரலாறு எழுதுகிறவர்களே வைத்திருக்கிறார்கள்.

இருந்தாலும் பாத்திக்கிலிருந்து ஒரு கோட்டை எடுத்துத் தங்கள் கையை மாற்றிக்கொண்டார்களே, அதை நான் மதிக்கிறேன். அடுத்தவர் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நம் வழக்கமான பாணியிலேயே வரைவது சுற்றுலா. அவர்களிடம் ஒரு முறையைக் கற்றுக்கொண்டு, அதனால் நம் கோடு மாறினால், அங்கேதான் கலப்பு நடக்கிறது. சரி, பெண்களின் பெயர்? அதைக் கேட்டிருக்கலாம்தான்.

6. தமிழ் ஓவியர்கள் யாருமே இல்லையா?

இருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்வதில்லை. ச. நமசிவாயம் மனித உருவக் கோட்டோவியத்தில் பேர் போனவர். ஆளை நேரே நிற்கவைத்து வரைவதற்காகவே ‘குரூப் 90’ என்ற குழுவைச் சில ஓவியர்களோடு சேர்ந்து உருவாக்கியவர். குமாரி நாகப்பன் கிள்ளானில் பிறந்தவர். ஓவியமும் சிற்பமும் செய்கிறார். தேசிய அரும்பொருளகத்தின் அருகே ஒரு பெரிய சிவப்பு மிளகாய் படுத்திருக்கிறதே, அது அவருடையது. பெயர் ‘பெடாஸ் பெடாஸ்’. மலாயில் காரம் என்று பொருள். தமிழ்ப் பெண் செய்த மிளகாய்க்கு மலாய்ப் பெயர். அதை ஒரு அறிக்கையாகச் சொல்லாமல் போகிற போக்கில் செய்திருப்பதுதான் எனக்குப் பிடிக்கிறது.

இளையவர்களில் பிரியகீதா தியா. 2017இல், இருபதுகளில் இருந்தபோது, ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் படிக்கட்டைத் தங்கத் தாளால் மூடி ஊரையே பேசவைத்தார். பின்னாளில் அவர் எடுத்துக்கொண்ட விஷயங்களில் மலாயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்களின் கதையும் உண்டு. அது பெரும்பாலும் கணினியில் உருவாகும் காட்சி, தூரிகை வேலை இல்லை. ஆனாலும் உயர்நிலைப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுவேன்.

7. தேக்கா சுவர்கள்ல வரைஞ்சவங்க நிறைய பேர் தமிழர் இல்லையாமே? நம்ம கதையை அவங்க எப்படி வரையலாம்?

தேக்கா என்கிற லிட்டில் இந்தியாவின் சுவரோவியங்களில் பல 2015இல் லாசால் கலைக் கல்லூரியும் பயணத்துறைக் கழகமும் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில் வந்தவை. பெலிலியோஸ் சந்துச் சுவரில் கிளி ஜோசியர், பூக்கட்டுகிறவர், சலவைக்காரர் என்று அந்தக் காலத்துத் தொழில்களை வரைந்தவர் யூனிஸ் லிம். ரஜினிகாந்தை வரைந்தவர் ‘ஸீரோ’ என்ற பெயரில் வரையும் சுல்கர்னைன் ஒத்மான். தேக்கா வீதியில் நின்று நம் பிள்ளைகள் அதிகம் செல்ஃபி எடுப்பது அந்த ரஜினியோடுதான்.

எனக்கு இதில் வருத்தம் இல்லை. ரஜினி நமக்கு மட்டும் சொந்தம் என்று யார் சொன்னது? என் வருத்தம் வேறு. அந்தச் சுவர்களில் இருப்பவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லாத தொழில்காரர்கள். இன்றைக்குத் தேக்காவில் போன் சிம் விற்கிறவர், ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கிறவர், காய்கறிப் பெட்டி இறக்குகிறவர் ஆகியோருக்குச் சுவர் கிடைக்கவில்லை. யார் வரைகிறார்கள் என்பதைவிட யாரை விட்டுவிட்டார்கள் என்று பாருங்கள்.

லிட்டில் இந்தியாவின் நடுவில் பலவண்ணச் சன்னல்களோடு நிற்கும் வீட்டை எல்லாரும் இந்திய வீடு என்று நினைக்கிறார்கள். அது 1900இல் டான் டெங் நியா என்ற சீன வணிகருக்குக் கட்டியது. அது இருக்கும் சாலையின் பெயரோ கெர்பாவ், மலாயில் எருமை.

8. தோல் நிறத்துக்கு எந்தப் பென்சில்?

பெட்டியில் ‘தோல் நிறம்’ என்று பிள்ளைகள் சொல்லும் அந்த இளஞ்சிவப்புப் பென்சில் இந்த ஊரில் அநேகமாக யாருடைய தோலுக்கும் பொருந்தாது. நீர்வண்ணம் என்றால் சுட்ட சியன்னா, மஞ்சள் காவி, அல்ட்ராமரைன் நீலம் மூன்றும் போதும். சியன்னாவில் நீலம் கூடக் கூட ஆழமான பழுப்பு வரும். கறுப்பைக் கலக்காதீர்கள், முகம் அழுக்காகிவிடும். இன்னொன்று: சீனரை மஞ்சளாகவும் தமிழரைக் கரும்பழுப்பாகவும் போட்டுத்தள்ளாமல், வகுப்பில் எல்லாருடைய கையையும் ஒரே மேசையில் வைத்து நிறம் கலக்கச் சொல்வேன். எந்தக் கை யாருடையது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கை.

9. அடுத்தவங்க சாமி, உடை, எழுத்து இதையெல்லாம் நான் வரையலாமா? தப்பா எடுத்துக்குவாங்களோன்னு பயமா இருக்கு.

வரையலாம், கேட்டுவிட்டு. முஸ்லிம்களிடம் நபியின் உருவத்தை வரையும் வழக்கம் இல்லை, அதைத் தொடவே வேண்டாம். குர்ஆன் வசனத்தை அலங்காரத்துக்குப் போட்டு அதன்மேல் செருப்புக் கால் வருகிற மாதிரி அமைத்துவிடாதீர்கள். சீனர்களிடம் வெள்ளை துக்கத்தோடு சேர்ந்த நிறம். நல்ல நாள் படத்தில் பாட்டிக்கு முழு வெள்ளை போடும் முன் யோசியுங்கள். நம்மிடமும் உண்டு: சேலை முந்தானை இடது தோளில் விழவேண்டும். கணினியில் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு வலது தோளில் விடும் படங்கள் ஒவ்வொரு வருடமும் வரும்.

எழுத்துதான் பெரிய தலைவலி. நாலு மொழியில் ‘வணக்கம்’ எழுதப் பார்க்கிறார்கள். தமிழ் கொம்பும் காலும் பிரிந்து உதிரி எழுத்தாக நிற்கும். நமக்கு எப்படிக் கோபம் வருகிறது? சீன எழுத்தை நாம் பார்த்து வரையும்போது ஒரு கோடு குறைந்தால் அவர்களுக்கும் அதே கதைதான். அந்த மொழி தெரிந்த நண்பரிடம் காட்டாமல் ஒரு எழுத்தும் போடாதீர்கள்.

10. எங்க புளோக் சுவர்ல நானே வரையலாமா? நல்ல விஷயம்தானே?

கூடாது. நல்ல விஷயமா கெட்ட விஷயமா என்று சட்டம் பார்ப்பதில்லை. 1966இல் வந்த பொதுச்சொத்துச் சேதச் சட்டத்தின்கீழ் அபராதம், சிறை, பிரம்படி வரை உண்டு. 2012இல் சமந்தா லோ என்ற இளம் ஓவியர் சாலைகளில் ‘என் தாத்தா சாலை’ என்ற பொருள்பட எழுதியும் ஸ்டிக்கர் ஒட்டியும் கைதானார். ஊரே சிரித்து ரசித்த வேலை அது. இருந்தும் 240 மணி நேரச் சமூக சேவை விதித்தார்கள். ஆறாவது கேள்வியில் சொன்ன தங்கப் படிக்கட்டுக்கும் நகர மன்றத்தின் அனுமதி இல்லை, அதை எடுக்கவேண்டியதாயிற்று.

தனியார் கட்டடமானாலும் பாதுகாக்கப்பட்ட வட்டாரத்தில் இருந்தால் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். 2024இல் சைனாடவுனில் சிவப்புத் தலைத்துணி கட்டிய சம்சூய் பெண், அதாவது அந்தக் காலத்துக் கட்டட வேலைக்காரப் பெண், கையில் சிகரெட்டோடு இருக்கும் சுவரோவியம் பெரிய சர்ச்சையானது. படம் தப்பியது, முன் அனுமதி வாங்காத உரிமையாளருக்கு அபராதம் விழுந்தது. உங்களுக்குச் சுவர்தான் வேண்டுமென்றால் சமூக மன்றத்தில் கேளுங்கள். நேரம் எடுக்கும், ஆனால் பெயின்ட் செலவும் அவர்களே ஏற்கலாம்.

11. ஏஐகிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல வந்துடுதே?

நானும் கேட்டுப் பார்த்தேன். முதல் கேள்வியில் சொன்ன அதே படம் வந்தது, மெர்லயன் உட்பட.

12. போட்டியில பரிசு வாங்கணும்னா கைகோத்த படம்தான் சரி, இல்லையா? உண்மையைச் சொல்லுங்க.

உண்மையைச் சொன்னால், பல நேரம் ஆமாம். ஒரு போட்டியில் நடுவராக உட்கார்ந்தேன். ஒரு பையன் ஈரமான தரையில் துடைப்பத்தோடு நிற்கும் துப்புரவுத் தாத்தாவையும், அவரைச் சுற்றிக்கொண்டு போகும் கால்களையும் வரைந்திருந்தான். காலணியை வைத்தே யார் யார் என்று சொல்லிவிடலாம். நான் அதற்கு முதல் பரிசு கேட்டேன். ‘கருப்பொருள் தெளிவாக இல்லை’ என்று மற்றவர்கள் ஆறுதல் பரிசுக்குத் தள்ளிவிட்டார்கள். கைகோத்த படம் ஜெயித்தது. வாதாடி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பிள்ளைக்குப் பரிசு முக்கியமென்றால் நான் தடுக்க மாட்டேன். அந்தப் படத்தையே கொஞ்சம் நன்றாக வரையச் சொல்வேன்: கைகள் கோத்திருக்கட்டும், ஒருத்தன் மட்டும் மற்றவன் காதில் ஏதோ சொல்லட்டும், ஒருத்தி சிரிக்காமல் இருக்கட்டும்.

13. என் அம்மா தமிழ், அப்பா சீனர். நான் எந்தப் பக்கத்தை வரையுறது?

இந்தக் கேள்வி இப்போது ஒவ்வொரு வருடமும் வருகிறது. 2011 முதல் அடையாள ஆவணங்களில் இரண்டு இனத்தையும் சேர்த்துப் பதியலாம் என்பதால் பிள்ளைகளே ‘நான் சீனர்-இந்தியர்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். உடனே வரைவது, நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் சீன முகம், வலப்பக்கம் தமிழ் முகம். தயவுசெய்து வேண்டாம். உங்கள் முகத்தில் அப்படி ஒரு கோடு இருக்கிறதா?

மலாக்கா செட்டிகளைப் பற்றித் தேடிப் பாருங்கள். பல நூற்றாண்டுக்கு முன்பு மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வம்சம். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா, கும்பிடுவது மாரியம்மனை. எந்தப் பக்கம் என்று அவர்களைக் கேட்டால் கேள்வியே புரியாது. உங்கள் வீட்டில் எந்தக் கோபம் எந்த மொழியில் வருகிறது, தாத்தாவை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள், சீனப் பெருநாளுக்கு அம்மா என்ன சமைக்கிறார் என்று பாருங்கள். நான் கேட்டபோது, இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி சொன்னாள்: ‘ரசம். வயிறு கெட்டுப்போகும்ல.’ அதை வரையச் சொன்னேன்.

14. சண்டை, கசப்பு இதையெல்லாம் வரைஞ்சா பிரச்சினையா?

இனங்களுக்குள் பகை மூட்டுவது இங்கே குற்றம். ஒரு இனத்தைக் கேவலப்படுத்தும் படத்தை ‘கலை’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது, தப்பிக்கவும் கூடாது. ஆனால் நமக்கு நேர்ந்ததை வரைவது வேறு. வாடகை வீடு தேடியபோது இந்தியர் என்றதும் தொலைபேசியை வைத்துவிட்டார்கள் என்று ஒரு பழைய மாணவன் வரைந்தான். படத்தில் போன் மட்டும்தான், திரையில் ‘அழைப்பு முடிந்தது’. எந்த இனத்தின் முகமும் இல்லை. பார்த்தவர்கள் எல்லாருக்கும் புரிந்தது, சீனப் பிள்ளைகளுக்கும்தான். அவர்களில் ஒருத்தன் ‘ஸாரி டா’ என்றான். அவன் எதற்கு ஸாரி சொன்னான் என்று மற்றவர்கள் அரை மணி நேரம் வாதாடினார்கள்.

இன்னொரு பெரிய இடைவெளி, வெளிநாட்டு ஊழியர்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நிறைந்திருக்கும் அவர்களுக்கு நாலு இனப் படத்தில் இடமே இல்லை. 2013 டிசம்பர் 8 அன்று தேக்காவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அவர்களைப் பற்றிப் பேசினாலே அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது. வரையப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் பேசுங்கள், அனுமதி கேளுங்கள், வரைந்ததை அவரிடமே காட்டுங்கள். ஐந்தாவது கேள்வியில் பாலிப் பெண்களைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும். ஒருமுறை மாணவன் வரைந்ததைப் பார்த்துவிட்டு அந்த ஊழியர் ‘தம்பி, என்னை ஏன் இவ்வளவு சோகமா போட்டே, இன்னைக்கு லீவு நாளு’ என்றாராம். பையன் அழித்துவிட்டு மறுபடி வரைந்தான்.

15. என் மகன் படத்துல ஒரு மனுஷன்கூட இல்லை. வெறும் செருப்பா வரைஞ்சிருக்கான். இதையும் சேத்துக்குவீங்களா?

கொண்டுவரச் சொன்னேன். வீவக வீட்டுத் தாழ்வாரம். வரிசையாக நாலு வாசல். முதல் வாசலில் சுவரில் சிறிய சிவப்புச் சாமிப் பெட்டி, இரண்டாவதில் காய்ந்துபோன மாவிலைத் தோரணம், மூன்றாவதில் பெருநாள் முடிந்தும் கழற்றாத பச்சைக் கெத்துப்பாட் (மலாய்ப் பெருநாள் சோற்றுப் பொட்டலம்) வடிவத் தொங்கல், நாலாவதில் ஒன்றும் இல்லை. எல்லா வாசலிலும் செருப்புகள். மூன்றாவது வாசலில் நாலைந்து ஜோடிக்கு நடுவே ஒரு சின்ன நீலச் செருப்பு, அவனுடையது. அவன் வீடு இரண்டாவது.

ஏன் அங்கே என்று கேட்டேன். அந்த வீட்டில் வைஃபை வேகமாம்.